ஜாஸ் பாட்டில் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மாறிக்கொண்டே இருக்கிறதே, ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்கேல் (ஸ்வர வரிசை) பிடித்துத்தான் கிடாரில் சோலோ வாசிக்க வேண்டுமா?

வேண்டாம். நான் அப்படித்தான் ஆரம்பித்துக் கெட்டேன். 'ஆட்டம் லீவ்ஸ்' (Autumn Leaves) பாட்டின் தாளில் ஒவ்வொரு கார்டுக்கு மேலும் டோரியன், மிக்சோலிடியன், லோக்ரியன் என்று ஸ்கேல் பெயர்களைப் பென்சிலால் எழுதி வைத்தேன். மெதுவாக வாசிக்கும்போது வந்தது. வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 140 தட்டுக்கு ஏற்றியதும், பெயரைப் படித்து விரலை வைப்பதற்குள் கார்ட் போயே போய்விட்டது. அந்த மூன்று பெயருமே அங்கே ஒரே ஜி மேஜர் ஸ்கேல்தான் என்பது உறைக்க ஆறு மாதம் ஆனது. சிரிக்காதீர்கள்.

ஜோசப் கோஸ்மா இசையமைத்த அந்தப் பாட்டையே எடுத்துக்கொள்வோம். ஈ மைனரில் வாசித்தால் முதல் எட்டு பார் (தாளத்தின் ஒரு சுற்று ஒரு பார்) இப்படிப் போகும்: ஏ மைனர் 7, டி 7, ஜி மேஜர் 7, சி மேஜர் 7, அப்புறம் எஃப் ஷார்ப் ஹாஃப் டிமினிஷ்ட், பி 7, கடைசி இரண்டு பாரும் ஈ மைனர். கார்ட் ஏழு, போய்ச் சேரும் ஊர் இரண்டுதான். முதலில் ஜி மேஜர், பிறகு ஈ மைனர். இரண்டுக்கும் வழி அதே இரண்டு-ஐந்து-ஒன்று, அதாவது அந்தந்த ஸ்கேலின் இரண்டாவது, ஐந்தாவது, முதல் ஸ்வரங்களில் எழும் கார்டுகள். சி மேஜர் 7 நடுவில் ஒரு பாலம், அவ்வளவுதான்.

ஏழு கார்டிலும் ஜி மேஜரில் இல்லாத ஸ்வரம் ஒன்றே ஒன்று: பி 7-ல் வரும் டி ஷார்ப். கர்நாடக சங்கீதம் கேட்டவர்கள் அந்நிய ஸ்வரம் மாதிரி நினைத்துக்கொள்ளலாம். அந்த பாரில் டி-யை விட்டுவிட்டு டி ஷார்ப்பைத் தொட்டு ஈ-க்குப் போய்ப் பாருங்கள். கூட யாரும் வாசிக்காவிட்டாலும் கார்ட் மாறுவது காதில் விழும்.

அடுத்து, ஒவ்வொரு கார்டிலும் அதன் பெயர் ஸ்வரத்திலிருந்து எண்ணி மூன்றாவது, ஏழாவது ஸ்வரங்களை மட்டும் பாருங்கள். ஏ மைனர் 7-ல் அவை சி, ஜி. டி 7 வரும்போது சி அப்படியே நிற்கும், ஜி ஒரு ஃப்ரெட் (கிடார் கழுத்தில் ஒரு கட்டம்) இறங்கி எஃப் ஷார்ப் ஆகும். ஜி மேஜர் 7-ல் எஃப் ஷார்ப் நிற்கும், சி இறங்கி பி ஆகும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் நகர்கிறது. ஒரு வாரம் இந்த இறக்கத்தை மட்டும் வாசித்தேன், வேறு எதையும் தொடவில்லை. மற்ற ஸ்வரங்கள் பிறகு தானாக நடுவில் வந்து உட்கார்ந்தன.

கடைசி எட்டு பாரில் ஆளுக்கு ஆள் கார்டை மாற்றுவார்கள். கூட வாசிப்பவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சாக்ஸஃபோன் வாசித்த கேனன்பால் ஆடர்லியும் ட்ரம்பெட் வாசித்த மைல்ஸ் டேவிஸும் சேர்ந்து செய்த 1958 பதிவு ஜி மைனரில் இருக்கும். அதோடு வாசிக்க எல்லாவற்றையும் மூன்று ஃப்ரெட் மேலே ஏற்ற வேண்டும். நான் இது தெரியாமல், ட்யூனிங் போய்விட்டது என்று கிடாரின் காதைத் திருகிக்கொண்டிருந்தேன்.