‘நோ’வும் ‘தெ’யும் ஒன்றா?

கேள்வி: நான் ஜப்பானிய மொழி படிக்கிறேன், அறைத்தோழி சீனம் படிக்கிறாள். அவளுடைய ‘தெ’யும் என்னுடைய ‘நோ’வும் ஒன்றுதானாம், ரெண்டுமே நம்ம ‘உடைய’தானாம். அப்படியே மனப்பாடம் பண்ணிவிடலாமா?
— வாசகி, கோவை

பதில்: முதல் பாடத்துக்குத் தாங்கும். ‘என் புத்தகம்’ சீனத்தில் ‘வொ தெ ஷூ’, ஜப்பானியத்தில் ‘வதாஷி நோ ஹோன்’. உடையவர் முன்னால், பொருள் பின்னால், நடுவில் ஒட்டுச்சொல். ‘என்னுது’ என்று மொட்டையாகச் சொல்ல வேண்டுமானாலும் அங்கே ‘வொ தெ’, இங்கே ‘வதாஷி நோ’. இதுவரை தோழி சொல்வது சரி.

அடுத்து ‘சிவப்புப் பூ’ வரும், அங்கே உறவு முறியும். சீனத்தில் ‘ஹோங் தெ ஹுவா’ எனலாம். ஜப்பானியத்தில் ‘அகாய் ஹானா’, அவ்வளவுதான். நடுவில் ‘நோ’ போட்டால் தவறு. சீனர்கள் ஜப்பானியம் பேசும்போது ‘அகாய் நோ ஹானா’ என்று சறுக்குவது பிரசித்தம். பேச ஆரம்பிக்கும் ஜப்பானியக் குழந்தைகளும் கொஞ்ச காலம் இதையேதான் சொல்லும்.

‘நான் வாங்கின புத்தகம்’ என்று சொல்லிப் பாருங்கள். சீனத்தில் ‘வொ மாய் தெ ஷூ’. ஒரு வாக்கியத்தையே பெயரோடு கட்ட அவர்களுக்கு அதே ‘தெ’ போதும். ஜப்பானியத்தில் ‘வதாஷி கா கத்தா ஹோன்’. ‘கத்தா’ என்றால் ‘வாங்கின’. அது நேராகப் புத்தகத்தின் மேல் போய் விழுகிறது, நம் பெயரெச்சம் மாதிரியே. இது தமிழருக்குக் கிடைத்த லாபம்: தமிழில் பெயரெச்சம் வரும் இடத்தில், வினைக்கும் பெயருக்கும் நடுவே ‘நோ’ போடாதீர்கள். ‘வதாஷி நோ கத்தா ஹோன்’ என்றும் சிலர் சொல்லக் கேட்பீர்கள். குழம்ப வேண்டாம். அந்த ‘நோ’ எழுவாய்க்குப் பின்னால், ‘கா’வின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

பெயரும் பெயரும் சந்திக்கும் இடத்திலோ கதை தலைகீழ். அங்கே ஜப்பானியம் ‘நோ’வைத் தாராளமாகக் கேட்கும். ‘எஞ்சினியா நோ ஒதோதோ’ என்றால் ‘இன்ஜினியராக இருக்கும் தம்பி’ என்றும் பொருள், ‘இன்ஜினியருடைய தம்பி’ என்றும் பொருள். ‘உடைய’ என்று மட்டும் மனப்பாடம் செய்தவர் முதல் பொருளைக் கோட்டைவிடுவார். சீன மொழி ஆசிரியரைச் சீனர்கள் ‘ஜோங்வென் லாவ்ஷி’ என்பார்கள், ‘தெ’ கிடையாது. ஜப்பானிய மொழி ஆசிரியர் ‘நிஹோங்கோ நோ சென்செய்’. இங்கே ‘நோ’வை விட முடியாது.

உறவுக்காரர் என்றால் சீனர்கள் ‘தெ’யைக் கழற்றிவிடுவார்கள். ‘வொ மாமா’ என்றால் என் அம்மா, ‘வொ ஜியா’ என் வீடு. பள்ளியில் படித்த ஆறாம் வேற்றுமைத் தொகை ஞாபகம் இருக்கிறதா? ‘கண்ணன் வீடு’? அதேதான். ஆனால் புத்தகத்துக்கு இந்தச் சலுகை கிடையாது, ‘வொ ஷூ’ என்று சொல்ல முடியாது. ஜப்பானியர் தன் அம்மாவைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் ‘வதாஷி நோ’ என்பதையே விட்டுவிடுவார். ‘ஹஹா’ என்றாலே என் அம்மா. அடுத்தவர் அம்மா ‘ஒகாசான்’.

தொழிற்சாலைக் கையேடுகளை மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. ‘ஆலையின் 2-ஆம் லைனின் பம்பின் வால்வு’ ஜப்பானியத்தில் ‘கோஜோ நோ தாய்-நி ரைன் நோ பொம்பு நோ பருபு’ என்று மூன்று ‘நோ’வோடு வரும், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அதையே சீனத்தில் மூன்று ‘தெ’ போட்டு எழுதினால் திருத்துபவர் முதல் இரண்டையும் அடித்துவிட்டுக் கடைசியை மட்டும் வைப்பார்: ‘ஷுய்பெங் தெ ஃபாமென்’. (என் தமிழ்க் கையேட்டிலும் ‘இன்’ இத்தனை கூடாது என்பது என் கட்சி. முதலாளி கேட்கிறாரா?)

கேள்வி: தைவான் போன நண்பர் அனுப்பிய படங்களில், சீன எழுத்துக் கடைப் பலகைக்கு நடுவே ஜப்பானிய ‘நோ’ எழுத்து சுழித்துக்கொண்டு நிற்கிறது. பலகை எழுதியவர் பிழையா?
— வாசகர், ஈரோடு

பதில்: பிழையில்லை, பகட்டு. 1895 முதல் 1945 வரை தைவான் ஜப்பான் ஆட்சியில் இருந்தது. இன்றும் ஜப்பான் சாயல் இருந்தால் சரக்குக்கு ஒரு மவுசு. அந்த எழுத்தைப் பார்த்து ‘நோ’ என்று வாசிக்காமல் ‘தெ’ என்றே வாசிப்பார்கள். தைவானில் வழங்கும் இன்னொரு சீன மொழியான ஹொக்கியன் பேசுபவர் அவர்கள் ஒட்டுச்சொல்லான ‘எ’ என்றும் வாசிப்பார். ஹாங்காங் கடைகளிலும் இந்த ஆசை உண்டு. வேடிக்கை, அந்த ஜப்பானிய எழுத்தே ஒரு சீன எழுத்தை வேகமாக எழுதி எழுதிச் சுருங்கி வந்ததுதான்.

கேள்வி: ‘மினமோதோ நோ யோரிதோமோ’ என்று நடுவில் ‘நோ’ வருகிறது, ‘தோகுகாவா இயேயாசு’வில் வரவில்லையே?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: 1192-இல் ஷோகன் (ராணுவ ஆட்சித் தலைவர்) ஆன யோரிதோமோவுக்கு மினமோதோ என்பது குலப்பெயர். குலப்பெயருக்குப் பின் ‘நோ’ சேர்த்து, ‘மினமோதோ குலத்து யோரிதோமோ’ என்பார்கள். தோகுகாவா குடும்பப் பெயர், அதற்கு ‘நோ’ வேண்டாம். இயேயாசு 1600-இல் வென்ற களம் செகிகஹாரா. அதைப் பிரித்தால் செகி, கா, ஹாரா: ‘காவற்சாவடியின் சமவெளி’. நடுவிலுள்ள ‘கா’ பழைய ஜப்பானியத்தில் ‘உடைய’ வேலையையும் பார்த்தது. கோவை வாசகிக்குச் சொன்ன ‘வதாஷி நோ கத்தா’வில் ‘நோ’வும் ‘கா’வும் இடம் மாறிக்கொள்வது இந்தப் பழைய பங்காளி உறவில்தான்.