கூலர் ஃபேன் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

கேள்வி: போன மாதம் கடையில் சொல்லி கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து வாங்கினேன். ரைசன் 5 5600 பிராசஸர், அதைக் குளிர்விக்கத் தனியாக ஒரு டவர் கூலர் (உலோகத் தகடுகள் அடுக்கிய கோபுரமும் அதில் ஒரு ஃபேனும்). கேபினெட்டில் முன்னால் இரண்டு ஃபேன், பின்னால் ஒன்று. அரை மணி நேரம் கேம் ஆடினால் பிராசஸர் 88 டிகிரியைத் தொடுகிறது. கூலர் ஃபேன் கேபினெட்டின் முன்பக்கம் பார்த்துக் காற்றைத் தள்ளுகிறது. கடைக்காரரோ, “எப்படி மாட்டினாலும் ஒன்றுதான், வேண்டுமானால் திரவம் ஓடிக் குளிர்விக்கும் லிக்விட் கூலர் போட்டுக்கொள்ளுங்கள்” என்கிறார். வாங்கலாமா?
– மதுரை வாசகர்

பதில்: வாங்காதீர்கள். முதலில் ஃபேனைத் திருப்பி மாட்டிப் பாருங்கள். செலவு ஒரு பைசா இல்லை.

ஒன்றுதான் என்று அவர் சொன்னது தவறு. முன்னால் நுழையும் காற்று பின்னால் வெளியேற வேண்டும். உங்கள் கூலர் அதற்கு எதிர்த்திசையில் ஊதுகிறது. கூலரின் தகடுகளிலிருந்து கிளம்பும் சூட்டை முன் ஃபேன்கள் திரும்ப உள்ளே தள்ள, கூலர் அதையே மறுபடி இழுக்கிறது. 5600-க்கு உச்ச வரம்பே 90 டிகிரி. மே மாத வெயிலில் அறையே கொதிக்கும்போது இன்னும் சிரமம்.

திசையை எப்படிக் கண்டுபிடிப்பது? ஃபேனின் திறந்த முகம் காற்றை இழுக்கும். குறுக்குச் சட்டங்களும் நடுவில் ஸ்டிக்கரும் உள்ள முகம் ஊதும். சிலவற்றின் ஓரத்தில் அம்புக்குறியே இருக்கும். சந்தேகமாக இருந்தால் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டர் ஓடும்போது ஓர் ஊதுபத்தியைக் கூலருக்குச் சற்றுத் தள்ளிப் பிடியுங்கள். புகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்ணெதிரே தெரியும். சாம்பல் உள்ளே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி வேலை. மின்சாரத்தைத் துண்டியுங்கள். டவரைத் தொட வேண்டாம். பெரும்பாலான கூலர்களில் ஃபேனை இரண்டு கம்பி கிளிப்கள்தான் பிடித்திருக்கும். அவற்றை விடுவித்து, ஃபேனை டவரின் மறுபக்கத்துக்கு, அதாவது ராம் (மெமரி அட்டை) இருக்கும் பக்கத்துக்குக் கொண்டுவந்து, திறந்த முகம் கேபினெட்டின் முன்பக்கம் பார்க்கும்படி மாட்டுங்கள். ராம் இடித்தால் ஃபேனைக் கொஞ்சம் உயர்த்தலாம். பக்கக் கண்ணாடி மூடுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

மேல்நோக்கி ஊதும்படி வைக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. கேபினெட்டின் மேலே வெளியேற்றும் ஃபேன் இருந்தால் வைக்கலாம், ஆனால் எனக்கு அது இரண்டாம் பட்சம்தான். கீழே இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டின் சூட்டைக் கூலர் உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த முறை கூலர் வாங்கும்போது இதையும் கவனியுங்கள்: இன்டெல் பிராசஸருக்கான மதர்போர்டில் கூலரை முடுக்கும் துளைகள் சதுரமாக இருக்கும், கூலரை எந்தப் பக்கமும் திருப்பலாம். உங்கள் ரைசனுக்கான ஏஎம்4 வகை போர்டில் அவை 54-க்கு 90 மில்லிமீட்டர் செவ்வகம். அதனால் சில கூலர்கள் ஒரே வாக்கில்தான் உட்காரும்.

டவரையே கழற்றித் திருப்ப வேண்டியிருந்தால், அதைக் கடைக்காரரே உங்கள் முன்னால் செய்து தரட்டும். தப்பாக மாட்டியவர் அவர், கூலி கேட்க நியாயமில்லை. பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே சூடு கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட் புதிதாகப் போடுவது கட்டாயம். கழற்றும் முன் பத்து நிமிடம் கம்ப்யூட்டரை ஓட்டிச் சூடாக்கி அணைத்துவிட்டு, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகியபடி எடுக்கச் சொல்லுங்கள். நேராக இழுத்தால் பழைய பேஸ்ட் பிடித்துக்கொண்டு பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், பின்கள் வளைந்துவிடும்.