பூனைக்கு எதற்கு ஒப்பாரி?

கேள்வி: எனக்குத் திருமணமான ஆண்டில் குட்டியாக வந்து சேர்ந்த எங்கள் பூனை, 17 ஆண்டுகள் எங்களோடு வாழ்ந்து, சிறுநீரகம் பழுதாகிக் கடந்த மாதம் இறந்துவிட்டது. கடைசி ஆறு மாதமும் வீட்டிலேயே தோலுக்கடியில் சலைன் ஏற்றிக் காப்பாற்றி வந்தேன். "இனி ஊசி போட்டு அனுப்பிவிடுவதே நல்லது" என்று கால்நடை மருத்துவர் சொன்ன பிறகும் மனம் வராமல் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். அந்த இரண்டு நாளும் அது பட்ட பாடு கண்ணைவிட்டு அகலவில்லை. "மனுஷன் செத்தாலே காரியம் முடிந்ததும் வேலைக்குப் போகிறோம், பூனைக்கு எதற்கு ஒப்பாரி?" என்கிறார் கொழுந்தனார். "வீட்டுக்கு வர இருந்த கண்டத்தை அது வாங்கிக்கொண்டது" என்கிறார் மாமியார். வேறு குட்டி தருவதாகச் சொல்கிறார் நாத்தனார். ஒன்பது வயது மகள் தாங்கமாட்டாள் என்பதால், பூனையை என் அம்மா வீட்டில் விட்டிருப்பதாக அவளிடம் சொல்லி வைத்திருக்கிறோம். நான் அளவுக்கு மீறி வருந்துகிறேனா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: இல்லை. ஒரே கூரையின் கீழ் 17 ஆண்டுகள் இருந்த ஓர் உயிர் போனால் ஒரு மாதத்துக்குள் மனம் ஆறிவிட வேண்டும் என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை. உங்கள் கொழுந்தனார் எடுத்துக்காட்டிய காரியத்தையே எடுத்துக்கொள்வோம். மனிதர் இறந்தால் உறவுக்குச் சொல்லி அனுப்புகிறோம், பதினாறு நாள் சடங்கு வைக்கிறோம், துக்கம் விசாரிக்க வருகிற ஒவ்வொருவரிடமும் கடைசி நேரத்தில் நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். சொல்லிச் சொல்லித்தான் அந்தப் பாரம் இறங்குகிறது. உங்களுக்கோ ஒருவரும் துக்கம் கேட்க வரவில்லை, வீட்டில் இருப்பவர்களும் கேலி பேசுகிறார்கள். சுற்றியிருப்போர் அங்கீகரிக்க மறுக்கும் இத்தகைய துக்கத்தை அமெரிக்க அறிஞர் கென்னத் டோகா 1980களிலேயே தனியாக வகைப்படுத்தி எழுதினார். வெளியே சொல்ல இடமில்லாத துக்கம் எளிதில் ஆறாது என்பதைக் கண்டறிய அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை என்பது வேறு விஷயம்.

விலங்குக்காக வருந்துவது அண்மைக்காலத்துப் பட்டணத்து மோகம் என்று உங்கள் கொழுந்தனார் நினைப்பாரானால், திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் வரை ஒருமுறை போய்வரச் சொல்லுங்கள். அங்கே மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆவது ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், எருமைகளைக் காக்கப் போராடி மடிந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்த நடுகல் இருக்கிறது. அந்தக் கல்லில் அவனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்பதும், அது கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்பதும் எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில், முகையூர் மேற்சேரிக்காகப் போரிட்ட ஒரு சேவலுக்குத் தனியாகவே கல் நட்டிருக்கிறார்கள். நாய்க்கும் சேவலுக்கும் கல்வெட்டு எழுதிய ஊரார் வேலைவெட்டி இல்லாதவர்கள் அல்லர்.

கோவிவன் காவல் காத்தது, சேவல் சேரியின் மானத்தைக் காத்தது, உங்கள் பூனை என்ன செய்தது என்று அடுத்த கேள்வி வரும். எலி பிடித்தது என்று தயவுசெய்து பதில் சொல்லாதீர்கள். 17 வயது என்பது மனிதக் கணக்கில் எண்பதைத் தாண்டிய முதுமை. அந்த வயதில் அது எலியைத் துரத்தியிருக்காது, உங்கள் துக்கம் அந்த வேலைக்கான கூலியும் இல்லை.

இதற்கு நல்ல சான்று எகிப்தில், செங்கடற்கரையில் உள்ள பெரெனிகே என்னும் பழைய துறைமுகத்தில் கிடைத்திருக்கிறது. நம் கரையிலிருந்து மிளகேற்றிச் சென்ற கப்பல்கள் பொதியிறக்கிய இடம் அது. ஒரே சாடியில் ஏழு கிலோவுக்கு மேல் மிளகும், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓட்டுத் துண்டும் அங்கே அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. ஊருக்கு வெளியே, கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகளைச் சேர்ந்த ஒரு விலங்குக் கல்லறைத் தோட்டத்தைப் போலந்து ஆய்வாளர்கள் கண்டுபிடித்து, ஏறத்தாழ 600 விலங்குகளின் எலும்புகளை ஆராய்ந்து 2021இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பூனைகள். எகிப்தியர் பூனையைத் தெய்வத்தோடு சேர்த்து வணங்கியவர்கள், வீட்டுப் பூனை இறந்தால் புருவத்தை மழித்துக்கொண்டவர்கள் என்று பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ் எழுதியிருப்பதால், இதுவும் வழிபாட்டுக் கணக்கில் சேர்ந்ததுதானே என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் இங்கே பதப்படுத்திய உடல்களோ காணிக்கைப் பொருள்களோ இல்லை. துணி போர்த்தியோ உடைந்த சாடியின் ஓட்டால் மூடியோ, தூங்குவதுபோல் ஒருக்களித்துப் படுக்க வைத்துப் புதைத்திருக்கிறார்கள். சில பூனைகளின் கழுத்தில் மணிமாலை இருந்தது. அங்கே புதைக்கப்பட்ட விலங்குகளில் பல் கொட்டிப்போனவையும், நடக்கவே சிரமப்பட்டிருக்கக்கூடியவையும் உண்டு. தாமாக இரை தேட முடியாத அவற்றுக்கு யாரோ ஒருவர் மெல்ல வேண்டாத உணவாகப் பார்த்து ஊட்டியிருக்க வேண்டும். மீனைத் தவிரப் பெரும்பாலான உணவைப் பாலைவனத்தைக் கடந்து சுமந்துவர வேண்டிய ஊரில் இது நடந்திருக்கிறது. நீங்கள் ஆறு மாதம் செய்ததும் அதுதான். சலைன் பாட்டிலை வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்கி, பிடரித் தோலைக் கூடாரம்போல் தூக்கி ஊசியைச் செருகி, ஏறிய நீர் தோலுக்கடியில் பொதியாகத் திரண்டு முன்னங்கால் பக்கம் இறங்கும்வரை அசையாமல் பிடித்துக்கொண்டிருப்பது எத்தனை கவனம் கேட்கும் வேலை என்பது செய்தவர்களுக்குத்தான் தெரியும். ஆறு மாதம் அந்த வேலையைச் செய்த கைக்குத் திடீரென்று வேலை இல்லாமற் போயிருக்கிறது. அந்த வெறுமையும் உங்கள் துக்கத்தில் ஒரு பகுதி.

இனி நீங்கள் நேராகக் கேட்காமல் கேட்டிருக்கும் கேள்விக்கு வருகிறேன். அந்த இரண்டு நாளில் பூனைக்கு வேதனை இருந்திருக்காது என்று நான் எழுதினால் அது பொய்யாகும். சிறுநீரகம் கைவிட்டபின் கழிவு ரத்தத்தில் தேங்கும். வாயில் புண் வரும். ஓயாத குமட்டல் இருக்கும். மருத்துவர் சொன்ன அன்றே ஒப்புக்கொண்டிருந்தால் அந்த இரண்டு நாளைத் தவிர்த்திருக்கலாம். ஆனால் நோயை முன்பே கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று உங்களை நீங்களே வறுத்தெடுக்கிறீர்கள் என்றால் அதில் நியாயம் இல்லை. சிறுநீரகத்தின் திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு போன பிறகே ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் என்னும் கழிவுப்பொருளின் அளவு வரம்பு தாண்டும். பூனையோ நோவை வெளிக்காட்டாத பிறவி. அதற்குப் பின் கிடைத்த ஆறு மாதம் உங்கள் உழைப்பால் வந்தது. அந்த ஆறு மாதத்தையும் இரண்டு நாளையும் ஒரே தராசில் வைத்து, இரண்டு நாள் பக்கமே தட்டு தாழ்கிறது என்று நீங்கள் தீர்ப்பெழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. முதிய பூனையை வைத்திருக்கும் மற்ற வாசகர்களுக்காக ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன்: அது தானாக உண்கிறதா, தன் மணல்தட்டு வரை நடந்து போகிறதா, தன் உடம்பைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்கிறதா என்று நாள்தோறும் பார்த்துக் குறித்துவையுங்கள். மூன்றும் நின்றுபோன பிறகு நாள் கடத்துவது நம் மனத்துக்காகவே தவிரப் பூனைக்காக இல்லை.

மாமியார் சொன்னதை மறுத்து வாதாட வேண்டாம். அவருக்குத் தெரிந்த மொழியில் அவர் ஆறுதல் சொல்லியிருக்கிறார். நாத்தனாரின் குட்டியை இப்போதைக்கு மறுத்துவிடுங்கள். பழைய பூனையின் இடத்தை நிரப்புவதற்கென்று வரும் குட்டி, வந்த நாள் முதல் ஒப்பீட்டில் தோற்றுக்கொண்டே இருக்கும். அது அந்தக் குட்டிக்குச் செய்யும் அநியாயம். நீங்களாக ஒரு பூனைக்கு ஆசைப்படும் நாள் வந்தால் அப்போது கேட்டு வாங்கிக்கொள்ளலாம். உறக்கமும் உணவும் இன்னும் சீராகவில்லை என்றால், அல்லது அன்றாட வேலைகளே நின்றுபோயிருந்தால், மனநல மருத்துவரைப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தலாக இருப்பது கடைசிக்கு முந்தைய வாக்கியம். உங்கள் துக்கத்தை வீட்டார் மதிக்கவில்லை என்று வருந்தும் நீங்கள், மகளுக்குத் துக்கப்படும் வாய்ப்பையே கொடுக்கவில்லை. அவள் பிறந்தபோதே அந்த வீட்டில் எட்டு வயதாகியிருந்த பூனை அது. அது இல்லாத வீட்டை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. அவள் கணக்கில், நோயோடு இருந்த பூனையை அம்மா வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அடுத்த விடுமுறையில் பாட்டி வீட்டுக்குப் போய்த் தேடி, அங்கும் இல்லை என்று அறியும்போது பூனையை இழந்த வருத்தத்தோடு உங்கள்மேல் கொண்ட நம்பிக்கையை இழந்த வருத்தமும் சேரும். ஒன்பது வயதில் குழந்தைகளுக்கு இறந்தவர் திரும்பமாட்டார் என்பது நன்றாகவே புரியும். இந்தப் பதிலைப் படிக்கும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். "தூங்கிவிட்டது", "சாமியிடம் போய்விட்டது" என்று சுற்றி வளைக்காமல், சிறுநீரகம் கெட்டு இறந்துவிட்டது என்று சொல்லுங்கள். பொய் சொன்னதையும் ஒப்புக்கொள்ளுங்கள். அவள் அழுவாள், சில நாள் உங்கள்மேல் கோபமாகவும் இருப்பாள். ஊசியைப் பற்றியும் கேட்பாள். அளவு கூட்டிய மயக்க மருந்து அது, செலுத்திய சில நொடிகளில் நினைவு தப்பிவிடும், அதன் பிறகே இதயம் நிற்கும் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நீங்கள் தள்ளிப்போட்ட இரண்டு நாளைப் பற்றி அவள் கேட்டால் அதையும் மறைக்காதீர்கள்.