1500 மீட்டர்: எடையைக் குறைத்தால் எத்தனை நொடி மிச்சம்?

கேள்வி: வயது 24, உயரம் 172 செ.மீ., எடை 84 கிலோ. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகிறேன். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். எனக்கு எட்டரை நிமிடம் ஆகிறது. உடல்திறன் தேர்வுக்கு இன்னும் 14 வாரம் இருக்கிறது. முதலில் எடையைக் குறைக்கட்டுமா, ஓட்டத்தைப் பழகட்டுமா?

பதில்: இரண்டையும் இன்றே தொடங்குங்கள். ஒன்றை முடித்துவிட்டு மற்றதைப் பார்க்க 14 வாரம் போதாது.

சமதளத்தில் ஓடுபவருக்கு ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு எத்தனை மி.லி. ஆக்சிஜன் வேண்டும் என்பதைத் தோராயமாகக் கணக்கிடலாம். நிமிடத்துக்கு ஓடும் மீட்டரை 0.2-ஆல் பெருக்கி, 3.5-ஐக் கூட்டினால் போதும். எட்டரை நிமிட வேகத்துக்கு இது 39 மி.லி. 7 நிமிட வேகத்துக்கு 46 மி.லி.க்குச் சற்று மேல். இப்போது உங்கள் உடல் மொத்தமாகப் பயன்படுத்தும் ஆக்சிஜன், 84 கிலோவுக்கும் சேர்த்து, நிமிடத்துக்குச் சுமார் 3.26 லிட்டர். இதயம், நுரையீரல், தசை எதுவும் மாறாமல் எடை மட்டும் 78 கிலோ ஆனால், அதே 3.26 லிட்டர் கிலோவுக்கு 42 மி.லி. ஆகிவிடும். நேரம் ஏறக்குறைய 7 நிமிடம் 50 நொடிக்கு வரும். ஆக, ஆறு கிலோவின் விலை 40 நொடி.

மீதி 50 நொடியைப் பயிற்சிதான் தர வேண்டும். 78 கிலோவில் 7 நிமிடத்தைத் தொட, ஆக்சிஜன் பயன்பாடு 11 சதவீதம் உயர வேண்டும். எடை குறையாமல் 84-லேயே நின்றால் 19 சதவீதத்துக்கு மேல் உயர வேண்டியிருக்கும். புதிதாகப் பயிற்சி எடுப்பவருக்கு மூன்று, நான்கு மாதத்தில் 10 முதல் 20 சதவீதம் வரை உயர்வது வழக்கம். 11 கைக்கு எட்டும். 19-ஐ நம்பி இறங்குவது சூதாட்டம். அதே தேர்வில் வரும் கயிறு ஏறுதலிலும் அந்த ஆறு கிலோவை நீங்கள் கையாலேயே தூக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

எடை வாரத்துக்கு அரை கிலோ குறைந்தால் போதும். 12 வாரத்தில் கணக்கு சரியாகிவிடும். இதற்கு நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைய வேண்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி, ஒரு கப் சோற்றில் 200, தலா இரண்டு தேக்கரண்டி சர்க்கரை போட்ட மூன்று டீயில் சர்க்கரையால் மட்டும் 100. கை வைக்க வேண்டிய இடங்கள் இவைதான். புரதத்தில் கை வைக்காதீர்கள். தினமும் 100 முதல் 120 கிராம் வேண்டும்: நான்கு முட்டை, ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல், 150 கிராம் கோழி, ஒரு கிண்ணம் தயிர், மீதி பருப்பிலும் சாம்பாரிலும் வந்துவிடும். முதல் வாரத்தில் இரண்டு கிலோ இறங்கினால் துள்ள வேண்டாம். அதில் பெரும்பகுதி தண்ணீர்.

பட்டினி கிடந்து வாரத்துக்கு இரண்டு கிலோ குறைப்பவர்களுக்குக் கொழுப்போடு காலின் தசையும் போகிறது. தராசு மகிழ்ச்சி தரும், கடிகாரம் தராது. மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு வியர்க்க வியர்க்க ஓடுவது இன்னும் மோசம். இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைந்து, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் இரத்தம் குறையும். அதே வேகத்துக்கு நாடித்துடிப்பு கூடும். வெயில் காலத்தில் உயிருக்கே ஆபத்து.

பயிற்சியில் பலரும் தவறுவது ஒரே இடத்தில்: தினமும் 1500 மீட்டரை உயிரைக் கொடுத்து ஓடுகிறார்கள். மூன்றாம் வாரம் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கும், அதோடு சரி. முதல் நான்கு வாரம் நான்கு நாள், 30 முதல் 40 நிமிடம், பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓடும் வேகம் போதும். மூச்சு வாங்கினால் மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. மெதுவாக ஓடுவது வீண் என்று தோன்றும். ஆனால் தசையில் நுண்ணிய இரத்தக்குழாய்கள் பெருகுவதும், ஒரு துடிப்பில் இதயம் தள்ளும் இரத்தம் கூடுவதும் பெரும்பாலும் இந்த ஓட்டத்தில்தான். தார்ச்சாலையைவிட மண் மைதானம் காலுக்கு நல்லது.

ஐந்தாம் வாரத்திலிருந்து ஒரு நாளை வேகத்துக்கு ஒதுக்குங்கள். 400 மீட்டர் ஐந்து முறை, ஒவ்வொன்றும் 1 நிமிடம் 52 நொடி, நடுவில் இரண்டு நிமிட நடை. 7 நிமிட ஓட்டத்தின் ஒரு சுற்று இதுதான்; 100 மீட்டருக்கு 28 நொடி. கால் இந்த வேகத்தை மனப்பாடம் செய்ய வேண்டும். பத்தாம் வாரத்தில் 500 மீட்டர் மூன்று முறை, ஒவ்வொன்றும் 2 நிமிடம் 20 நொடிக்குள். ஓய்வை இரண்டு நிமிடத்திலிருந்து மெல்ல ஒரு நிமிடமாகக் குறையுங்கள். வாரம் இரண்டு நாள் குந்தி எழுதல், குதிகால் உயர்த்தல். முழு ஓட்டத்தை நேரம் குறித்துப் பார்ப்பது மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். இலக்கு 6:45 ஆக இருக்கட்டும். அன்றைய வெயிலும் நெரிசலும் 15 நொடியைத் தின்னும்.

ஆறு வாரம் ஒழுங்காக ஓடியும் நேரம் அசையவில்லை என்றால் ஹீமோகுளோபின் பாருங்கள். ஆண்களுக்கு 13-க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. எந்தப் பயிற்சியும் அதை ஈடுகட்டாது. ஓடும்போது நெஞ்சு வலி, மயக்கம் வந்தாலோ, குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தாலோ இசிஜி எடுத்து மருத்துவரைப் பார்த்த பிறகே ஓடுங்கள்.

கடைசி இரண்டு வாரம் உணவுக் குறைப்பு வேண்டாம். சோறு, இட்லி வழக்கம்போல. இறுதி வாரம் ஓட்டத்தைப் பாதியாக்குங்கள். தேர்வன்று இரண்டரை மணி நேரத்துக்கு முன் மூன்று இட்லி; வரிசையில் காத்திருக்க நேர்ந்தால் ஒரு வாழைப்பழம். விசில் அடித்ததும் கூட்டம் முதல் சுற்றை ஒன்றரை நிமிடத்தில் பறக்கும், பாதிப்பேர் மூன்றாம் சுற்றில் நடப்பார்கள். நீங்கள் முதல் சுற்றை 1:50-க்கு முன் முடிக்காதீர்கள். மிச்சம் இருப்பதைக் கடைசி 300 மீட்டரில் செலவழியுங்கள்.