கழுவுவதற்கு முன் ஒரு படம்: விலங்குகளின் காயமும் வழக்கும் - கேள்வி பதில்

முப்பது வருடம் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிரேதப் பரிசோதனைக்காகத் தோட்டங்களிலும் சாட்சி சொல்ல நீதிமன்றங்களிலும் நின்று கற்றதை வைத்துப் பதில் சொல்கிறேன்.

ஆடு வளர்ப்பவர்: பட்டியில் ஒரே இரவில் ஐந்து ஆடுகள் செத்துவிட்டன அய்யா. நாங்கள் சிறுத்தை என்கிறோம், பார்க்க வந்தவர்கள் நாய் என்கிறார்கள். எதை வைத்துத் தீர்மானிப்பது?

எத்தனை ஆடு செத்தது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அடைத்த பட்டிக்குள் புகுந்துவிட்டால் சிறுத்தையும் பல ஆடுகளைக் கொல்லும். கடி எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். சிறுத்தை பெரும்பாலும் தொண்டையைக் கவ்வும். ஆழமான ஓட்டைகள் சிலவே இருக்கும். நாய்கள் விரட்டிக்கொண்டே கடிப்பதால் பின்தொடை, விலா, காது, வால் என்று உடம்பெல்லாம் கிழிசலாக இருக்கும்.

வெளியே பார்ப்பது மட்டும் போதாது. கழுத்துத் தோலை உரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே பட்டாணி அளவு ஓட்டைதான் தெரியும். உள்ளே சதை நசுங்கி, ரத்தம் கட்டிக் கிடக்கும். இரண்டு கோரைப்பல் தடங்களுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளக்க வேண்டும். தோல் இழுபடும் என்பதால் அந்த அளவு தோராயமானதுதான். அதைவிட உறுதியானது எச்சில். கடித்த இடத்தை யாரும் தொடும் முன், சுத்தமான பஞ்சுக்குச்சியை லேசாக நனைத்து ஒற்றியெடுத்து, நிழலில் உலர்த்திக் காகித உறையில் போட்டால் மரபணு ஆய்வுக்கு அனுப்பலாம். பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஈரம் தங்கிக் கெட்டுவிடும்.

இளம் வழக்கறிஞர்: மாட்டின் தொடையில் நீளமான காயம். பக்கத்துத் தோட்டக்காரர் அரிவாளால் வெட்டினார் என்பது புகார். முள்வேலியில் கிழித்துக்கொண்டது என்கிறது எதிர்த்தரப்பு. மருத்துவரால் உறுதியாகச் சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும், காயம் புதியதாகவும் கழுவப்படாமலும் இருந்தால். காயத்தின் ஓரத்தில் உள்ள ரோமத்தைக் கைலென்ஸில் பாருங்கள். கூரான அரிவாள் என்றால் ரோமமும் நறுக்கென்று ஒரே மட்டத்தில் வெட்டுப்பட்டிருக்கும். கம்பியில் கிழிந்தால் ரோமம் பிய்ந்தும் வேரோடு பிடுங்கியும் இருக்கும், ஓரம் பிசிறடிக்கும், காயத்தைக் கொஞ்சம் விரித்தால், அறுபடாத நரம்பும் நாரும் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் பாலம் போட்டதுபோல் நிற்கும். வெட்டில் அந்தப் பாலம் இருக்காது.

ஒரு இடத்தில் ஏமாந்துவிடக் கூடாது. நெற்றி, முழங்காலுக்குக் கீழே என்று எலும்பின் மேல் தோல் இறுகியிருக்கும் இடங்களில் தடியடிகூட வெட்டு மாதிரியே பிளக்கும். லென்ஸ் இல்லாமல் அங்கே கருத்து எழுதக் கூடாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ரத்தம் சொட்ட வந்த ஒரு காளையின் காயத்தை நானே டெட்டால் ஊற்றித் துடைத்துத் தையல் போட்டேன். உயிர் பிழைத்தது. இரண்டு வருடம் கழித்து நீதிமன்றத்தில் காயத்தின் நீளம், ஆழம், ஓரம் எப்படி என்று கேட்டார்கள். என் பதிவேட்டில் 'தொடையில் காயம்' என்ற இரண்டு வார்த்தைதான் இருந்தது. அந்த ஏழைக் குடும்பத்தின் வழக்கு நிற்கவில்லை. இன்றைக்கும் அது மனதை அறுக்கிறது.

விலங்கு மீட்புத் தன்னார்வலர்: தெருநாய் மேல் கொதிநீர் ஊற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகம். என்ன செய்யட்டும்?

முதலில் படம், உடனே சிகிச்சை. படத்துக்காக வைத்தியத்தைத் தள்ளிப்போட வேண்டாம், ஒரு நிமிடம் போதும்: முழு உடம்பு ஒன்று, காயம் இருக்கும் பகுதி ஒன்று, அளவுகோல் வைத்து நேர்மேலிருந்து கிட்டத்தில் ஒன்று. கொதிநீர்ப் புண் முதல் நாள் ரோமத்துக்குள் மறைந்திருக்கும். ஓரிரு நாளில் தோல் ரோமத்தோடு பட்டையாகக் கழன்று வரும். அப்போது மறுபடி படம் எடுங்கள். முதுகில் அகலமாகத் தொடங்கி, விலாவில் வழிந்த கோடுகளாக இறங்கினால் மேலிருந்து ஊற்றியதன் தடம் அது. அமிலமாக இருக்கும் என்று தோன்றினால், கழுவும் முன் கொஞ்சம் ரோமத்தை வெட்டிக் கண்ணாடிக் குப்பியில் எடுத்து வையுங்கள்.

சட்டம் பற்றியும் சொல்கிறேன். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 50 ரூபாய்வரைதான். ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆவது பிரிவில், எந்த விலங்கைக் கொன்றாலும் ஊனமாக்கினாலும் ஐந்து ஆண்டுவரை சிறை உண்டு. பழைய தண்டனைச் சட்டத்தில் விலங்கின் விலையைப் பார்ப்பார்கள். 'தெருநாய்க்கு என்ன விலை' என்ற வாதம் இப்போது எடுபடாது. புகாரில் இந்தப் பிரிவையும் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விவசாயி: செத்த பசுவின் கண், நாக்கு, மடி எதையும் காணோம். மாந்திரீகத்துக்கு அறுத்தார்கள் என்று ஊரே பேசுகிறது.

காகமும் நாயும் கீரியும் முதலில் தொடுவது அந்த மென்மையான இடங்களைத்தான். உயிரோடு அறுத்திருந்தால் ரத்தம் சதைக்குள் ஊறி உறைந்திருக்கும், தண்ணீர் விட்டுக் கழுவினாலும் போகாது. செத்த பிறகு என்றால் ஓரம் வெளிறி, ரத்தக்கட்டே இல்லாமல் இருக்கும். எறும்பு அரித்த இடம் பழுப்பாகக் காய்ந்து அமிலம் பட்டதுபோலவே தெரியும். அதை வைத்தும் யார் மேலும் பழி போட வேண்டாம்.

புதிதாகப் பணியில் சேர்ந்த மருத்துவர்: திடீரென்று செத்த மாடு, மூக்கிலும் ஆசனவாயிலும் ரத்தம். அடித்துக் கொன்றதாகப் புகார். போலீஸ் உடனே அறுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள் சார்.

கத்தியைக் கீழே வையுங்கள் தம்பி. உறையாத கறுத்த ரத்தம் உடம்பின் வாசல்கள் வழியே வந்தால் அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். முதலில் காது ரத்தக்குழாயிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் (ஸ்மியர்) பாருங்கள். அடைப்பான் இல்லை என்று உறுதியான பிறகுதான் அறுப்பது. திறந்துவிட்டால் கிருமி காற்றுப் பட்டு வித்தாக மாறி, அந்த மண்ணில் பல பத்தாண்டு கிடக்கும். உங்கள் உயிருக்கும் ஆபத்து. எழுத்துமூலம் காரணம் சொல்லி மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

அதே மருத்துவர்: கன்றிப்போன காயத்தின் நிறத்தை வைத்து எத்தனை நாள் ஆனது என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். நிறமுள்ள தோலிலும் ரோமத்திலும் நிறம் சரியாகத் தெரியாது, விலங்குகளில் அது நம்பத் தகுந்த கணக்கும் அல்ல. தோலை உரித்து ரத்தக்கட்டின் அகலத்தை எழுதுங்கள், ஒரு துண்டைப் பத்து சதவீத ஃபார்மலினில் போட்டுத் திசு ஆய்வுக்கு அனுப்புங்கள். விஷம் பார்க்க அனுப்பும் ஈரல், இரைப்பையை மட்டும் ஃபார்மலினில் போடக் கூடாது, நிறைவுற்ற உப்புக் கரைசலில்தான்.

தோட்டத் தொழிலாளி: மேய்ந்துகொண்டிருந்த எங்கள் மாட்டின் வாய் வெடித்துச் சிதறிவிட்டது. கல்லில் இடித்திருக்கும் என்கிறார் தோட்டத்துக்காரர்.

கல் இடித்தால் உதடும் வெளித்தோலும் முதலில் அடிபடும். அவுட்டுக்காய், அதாவது தீனிக்குள் மறைத்து வைத்த வெடி என்றால் காயம் உள்ளிருந்து வெளியே போகும்: நாக்கும் அண்ணமும் கருகும், கடைவாய்ப் பற்கள் நொறுங்கும், தாடை பிளக்கும். 2020 மே மாதம் பாலக்காட்டில் வெள்ளியாற்றில் நின்றபடியே இறந்துபோன கர்ப்பிணி யானைக்கும் வாயில் வெடித்த காயம்தான். வாய்க்குள் இருக்கும் நூல், காகிதம், கரித்தூள் எதையும் கழுவாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மாடு மேய்ந்த இடத்தில் மிச்சக் காய்கள் கிடக்கலாம், தொடாமல் போலீஸுக்குச் சொல்லுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

இளம் வழக்கறிஞர்: கடைசியாக ஒன்று. வெட்டியது இன்னார்தான் என்று மருத்துவர் சொல்வாரா?

சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. 'இது போன்ற கூரிய ஆயுதத்தால் ஏற்பட்டிருக்கலாம்' என்பதுவரைதான் அவர் எல்லை. அரிவாளைக் கைப்பற்றியிருந்தால் அதைச் சீலிட்டு அவரிடம் காட்டி, காயத்தோடு பொருந்துகிறதா என்று எழுத்தில் கருத்துக் கேளுங்கள்.