வளையம் வைத்த யன்னல் திரைச்சீலையா, மடிப்பு வைத்ததா?

உரும்பிராயில் புது வீடு, மேற்குப் பார்த்த ஹோல், 5 அடி யன்னல். அதற்குத் திரைச்சீலை தைக்க, மேல் ஓரத்தில் துளையிட்டுப் பொருத்தும் வளையமா, கொளுக்கியில் தொங்கும் மடிப்பா என்று கேட்டிருந்தீர்கள். வளையமே போதும் என்பேன். மடிப்புச் சீலை வடிவுதான், மறுக்கவில்லை. ஆனால் சோழகக் காற்று (தென்மேற்குக் காற்று) தொடங்கினால் செம்மண் தூசி அந்த மடிப்புகளுக்குள் போய் இருந்துவிடும், தோய்க்கிற நேரமெல்லாம் கொளுக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றவேண்டும். வளையம் என்றால் கம்பியிலிருந்து உருவி எடுத்தால் சரி.

தைப்பவரிடம் யன்னல் அளவைக் கொடுக்காதீர்கள், கம்பியின் அளவைக் கொடுங்கள். கம்பி இரண்டு பக்கமும் அரை அடி கூட இருக்கட்டும், அப்போதுதான் சீலையை ஒதுக்கினால் யன்னல் முழுதாகத் திறக்கும். ஆக 6 அடிக் கம்பி. துணியின் அகலம் அதன் இரண்டு மடங்கு, 12 அடி. கஞ்சத்தனம் பார்த்தால் இழுத்து மூடும்போது படுக்கை விரிப்பைக் கட்டிவிட்டதுபோல் இருக்கும்.

ஒவ்வொரு சீலையிலும் வளையம் இரட்டைப்படையில் வரட்டும், இரண்டு ஓரமும் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கும். பின்னேர வெயிலுக்கு உள்துணி கட்டாயம் போடுங்கள். பருத்தி என்றால் வெட்டமுன் ஒருமுறை தோய்த்துக் காயவிடுங்கள். நான் அப்படிச் செய்யாமல், முதல் தோய்ப்பிலேயே என் அறைச் சீலை நிலத்திலிருந்து மூன்று விரல் மேலே ஏறிவிட்டது.