ஆறு ஷில்லிங் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

இங்கிலாந்தில் சால்ஃபோர்டில், ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். வந்து ஆறு வருடம் ஆகிறது. என் மகனுக்குப் பத்து வயது. நண்பன் ஒருவனோடு ஒருநாள் ரக்பி லீக் (ரக்பியின் இரண்டு வகைகளில் ஒன்று) ஆட்டம் பார்க்கப் போனவன், அன்றிலிருந்து சால்ஃபோர்ட் ரெட் டெவில்ஸ் பைத்தியம். 2024இல் சூப்பர் லீகில் நான்காவது இடம் பிடித்த அணி, 2025இல் கடைசி இடம். முதல் ஆட்டத்திலேயே 82-0 என்று தோல்வி. டிசம்பரில் வரி பாக்கிக்காக நீதிமன்றம் கிளப்பையே மூட உத்தரவிட்டுவிட்டது. 2026இல் புது நிறுவனமாக, ஒரு படி கீழே சாம்பியன்ஷிப்பில் இறங்கினார்கள்.

எனக்குக் கோபம் ஆட்டக்காரர்கள் மேல்தான். மார்க் ஸ்னீட், கேலம் வாட்கின்ஸ் என்று பெரிய பெயர்கள் எல்லாம் கஷ்டம் வந்ததும் ஓடிவிட்டார்கள். விசுவாசம் என்று ஒன்று வேண்டாமா? ‘ரெட் டெவில்ஸ்’ என்ற பெயரே மான்செஸ்டர் யுனைடெட்டிடமிருந்து திருடியது என்று பள்ளியில் பையனைக் கேலி செய்கிறார்கள். நம் ஆட்கள் ஏன் இந்த ஆட்டத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்றும் யோசிக்கிறேன். அவன் அடுத்த சீசனுக்குச் சிவப்புச் சட்டை கேட்கிறான். வாங்கித் தருவதா, ஜெயிக்கிற அணி ஒன்றைக் காட்டி மனதை மாற்றுவதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

விளையாட்டு பற்றி வரும் கடிதங்களுக்கு நான் பெரும்பாலும் பதில் எழுதுவதில்லை. உங்கள் கடிதத்தை மட்டும் மூடி வைக்க முடியவில்லை. பழைய கூலித் தகராறுகளைப் பற்றி ஒரு கட்டுரைக்காகப் படித்துக்கொண்டிருந்தேன். அதில் உங்கள் ரக்பி லீக் வந்து மாட்டியது. அந்த வழியாகத்தான் போன வருடம் அந்த 82-0 ஆட்டத்தின் வீடியோவும் என் செல்போனுக்கு வந்து சேர்ந்தது. ராத்திரி பதினொன்றரைக்கு, சம்பந்தமே இல்லாத ஒருவன், இங்கே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சின்ன விஷயங்களை முதலில் தள்ளிவிடுகிறேன். ‘சிவப்புப் பிசாசுகள்’ என்பது 1934இல் சால்ஃபோர்ட் பிரான்சுக்குப் போய் ஆடியபோது அந்த ஊர்ப் பத்திரிகைக்காரர்கள் வைத்த பெயர். கால்பந்துக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டது மாட் பஸ்பி யுனைடெட்டை நடத்திய காலத்தில், எவ்வளவோ வருடம் கழித்து. பையனிடம் சொல்லிவையுங்கள், பள்ளியில் உதவும். நம் ஆட்கள் ஏன் பார்ப்பதில்லை என்ற கேள்வியில் எனக்கு அக்கறையே இல்லை. உங்கள் மகன் பார்க்கிறான் அல்லவா, போதும்.

இப்போது அந்த விசுவாசம். அந்தச் சொல்லை எழுதும்போது உங்கள் கை கொஞ்சமும் தயங்கவில்லையா?

நீங்கள் அடுக்கிய வரிசையில் நடுவில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கிறது. நான்காவது இடம், அப்புறம் 82-0 என்று தாண்டிவிட்டீர்கள். 2024 முடியும்போதே கிளப்பில் காசில்லை. லீகிடமிருந்து மறு வருடம் வரவேண்டிய பங்கில் ஐந்து லட்சம் பவுண்டை முன்பணமாகக் கேட்டார்கள். மற்ற கிளப்புகள் 21 லட்சம் பவுண்டு வரை சம்பளத்துக்குச் செலவழிக்கலாம் என்றிருக்க, சால்ஃபோர்டுக்கு மட்டும் 12 லட்சம் என்று லீக் வரம்பு போட்டது. பிப்ரவரியில் புது முதலாளிகள் வந்தார்கள். இதோ வருகிறது, அதோ வருகிறது என்ற பணம் வரவில்லை. வரம்பும் தளரவில்லை. அதனால்தான் அந்த முதல் நாள், பெயர் சொல்லக்கூடிய ஆட்டக்காரர்களில் பெரும்பாலோரை வெளியே உட்காரவைத்துவிட்டு, எதிரணி செயின்ட் ஹெலன்ஸின் ஊருக்கே போய், சின்னப் பையன்களைக் களத்தில் இறக்கினார் பயிற்சியாளர் பால் ரௌலி.

நான் அந்த வீடியோவில் பார்த்தது டிரைகளை (எதிராளியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) அல்ல. ஒவ்வொரு டிரைக்குப் பிறகும் எதிராளி பந்தை நிறுத்தி வைத்து, பின்னால் நடந்து, மூச்சு வாங்கி, கோலுக்கு அடிக்கும்வரை இந்தப் பையன்கள் கம்பத்துக்கடியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கவேண்டியிருக்கிறது. ஒருவன் சட்டையைத் தூக்கி முகத்தைத் துடைக்கிறான். இன்னொருவன் புல்லைக் காலால் கீறிக்கொண்டிருக்கிறான். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. அதோடு முடிந்ததா என்றால் இல்லை. ரக்பி லீகில் புள்ளியைப் பறிகொடுத்தவன் கையில் பந்து வராது, அவன்தான் நடுக்கோட்டில் வைத்து எதிராளிக்கு மறுபடி உதைத்துக் கொடுக்கவேண்டும். அடித்தவனிடமே போய் இன்னும் கொஞ்சம் அடி என்று கம்பைக் கொடுக்கிற விதி. 82 வரை போனதற்கு அந்த விதிக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பையன்களைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. ஓடிப்போனவர்கள் மேல்தான் உங்கள் கண்.

அவர்கள் ஓடவும் இல்லை, ஆர். சம்பளக் கணக்கைக் குறைக்க வேண்டி கிளப்பே ஆட்களைச் சந்தையில் வைத்தது. ஸ்னீட் வாரிங்டனுக்குப் போனதும் வாட்கின்ஸ் லீட்ஸுக்குப் போனதும் அப்படித்தான். மிச்சம் இருந்தவர்களுக்குச் சம்பளம் ஒருமுறை இல்லை, பலமுறை தேதி தவறியது. ஆகஸ்டில் வேக்ஃபீல்டுக்கு எதிராக இறக்க ஆள் சேரவில்லை. ஆட்டம் ரத்தாகி, 48-0 என்று எதிரணிக்கு எழுதிக் கொடுத்தார்கள். இதெல்லாம் விசுவாசம் இல்லாததால் நடந்ததா, ஒன்றாம் தேதி சம்பளம் வராததால் நடந்ததா? கடல் தாண்டி வந்து ஆடுகிறவனுக்கு விசாவே வேலை கொடுத்தவன் கையில். அது எப்படிப்பட்ட தூக்கமில்லாத ராத்திரி என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. உங்கள் மருத்துவமனை மூன்று மாதம் தேதி தவறினால் நீங்கள் விசுவாசத்தோடு வார்டில் நிற்பீர்களா? அதையும் சொல்லுங்கள்.

ரௌலி கடைசிவரை நின்றாரே என்பீர்கள். நின்றார், கும்பிடுகிறேன். ஆனால் அவரைப் பிரம்பாக எடுத்து மற்றவர்களை அடிக்காதீர்கள். அவரும் சீசன் முடிந்ததும் போனார். எங்கே? அதே செயின்ட் ஹெலன்ஸுக்கு.

நான் படித்துக்கொண்டிருந்த விஷயம் இதுதான். ரக்பி லீக் என்ற ஆட்டமே ஒரு கூலித் தகராறில் பிறந்தது. வட இங்கிலாந்தில் ஆலையிலும் சுரங்கத்திலும் வேலை செய்தவர்களுக்குச் சனிக்கிழமையும் அரைநாள் வேலை. ஆடப்போனால் அந்தக் கூலி போயிற்று. லண்டனில் ரக்பியை நடத்திய கனவான்களுக்குச் சனிக்கிழமை என்பது வேறு பொருள். இழந்த கூலியைக் கிளப் ஈடுசெய்யலாம் என்று யார்க்‌ஷயர்க்காரர்கள் 1893இல் தீர்மானம் கொண்டுபோனார்கள். 282க்கு 136 என்று தோற்கடித்தார்கள். ஆட்டத்தின் தூய்மை கெட்டுவிடுமாம். காசு கேட்கிறவனுக்குக் காதல் குறைவு என்பது அவர்கள் கட்சி. நீங்கள் சொல்கிற அதே விசுவாசம்தான், கொஞ்சம் நல்ல கோட்டு போட்டிருந்தது.

1895 ஆகஸ்ட் 29, ஹடர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஹோட்டல். வடக்குக் கிளப்புகள் கூடி, போய்வாருங்கள் என்று தனியே பிரிந்தன. சரி, பிரிந்து என்ன கொடுத்தார்கள்? ஒரு நாளைக்கு ஆறு ஷில்லிங். அவ்வளவுதான். ஒருவன் ஆடப்போன நாளில் அவன் வீட்டில் உலை கொதிக்கவேண்டும், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. சால்ஃபோர்ட் அடுத்த வருடம், 1896இல் சேர்ந்துகொண்டது. ஆறு ஷில்லிங்குக்காகப் பிரிந்து வந்தவர்களோடு போய் நின்ற கிளப், 129 வருடம் கழித்து ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்கமுடியாமல் செத்தது. இதில் துரோகம் எங்கே இருக்கிறது என்று தேடுகிறவர், ஸ்னீட் வீட்டுக் கதவையா தட்டுவார்?

இன்னொன்றும் கேளுங்கள். சால்ஃபோர்டின் பெரிய பெயர்களில் டேவிட் வாட்கின்ஸ் ஒருவர் (கேலம் வேறு, இவர் வேறு). 1972-73 சீசனில் மட்டும் 221 கோல் அடித்த மனிதர். அவர் யார்? வேல்ஸில் யூனியன் ரக்பி (வடக்குக் கிளப்புகள் விட்டுவந்த அந்தப் பழைய பக்கம்) ஆடி, நியூபோர்ட்டையும் வேல்ஸ் தேசிய அணியையும் விட்டுவிட்டு, 1967இல் காசுக்காக வடக்கே வந்தவர். அந்தக் காலத்தில் அப்படி வந்தவன் மறுபடி யூனியன் பக்கம் ஆடவே முடியாது, வாசல் சாத்தியாகிவிட்டது. அங்கே அவர் போனவர், இங்கே வந்தவர். உங்கள் ஊர் அவரைக் கொண்டாடியபோது வேல்ஸில் ஒருவர் உங்களைப்போலவே ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்திருப்பார்.

நான் ஏன் இவ்வளவு எகிறுகிறேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். சொல்லிவிடுகிறேன். எனக்கு இருபத்துமூன்று வயதில், திருவல்லிக்கேணியில் ஒரு வாரப் பத்திரிகையில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர் வேண்டாம். மேன்ஷனில் அறை, மெஸ்ஸில் கணக்கு. மூன்று மாதமாக யாருக்கும் சம்பளம் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஆசிரியர் எங்களைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்து, இது வேலை இல்லை, வேள்வி என்று பேசுவார். எனக்குப் புல்லரிக்கும். நிஜமாகவே புல்லரிக்கும். அங்கே ஒரு மூத்த கம்பாசிட்டர் இருந்தார், நாற்பத்தைந்து வயது இருக்கும், அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒருநாள், கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது, நாளையிலிருந்து வரமாட்டேன் என்றார். நான் எல்லார் முன்னாலும் கேட்டேன்: “இலக்கியத்தை விட்டுட்டு மொய் கவருக்கு எழுத்துக் கோக்கப் போறீங்களா அண்ணே?”

அவர் அப்போது அச்சடித்து முடித்த பக்கத்தைப் பிரித்து, எழுத்துகளை அறைகளில் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். பதில் சொல்லவில்லை. க, ங, ச என்று ஒவ்வொன்றாக அதனதன் குழியில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. மறுநாள் வரப்போகிறவன் தடுமாறக்கூடாது என்று கடைசி எழுத்து வரை போட்டு முடித்தார். மண்ணெண்ணெய்த் துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டு, சட்டையை மாட்டும்போதுதான் சொன்னார்: “தம்பி, உனக்கு மெஸ்ல கணக்கு ஓடுது. எனக்கு மளிகைக் கடையில ஓடிச்சு. போன வாரம் நிறுத்திட்டான்.”

ஆசிரியர் அன்று சாயங்காலமும் டீ வாங்கிக் கொடுத்தார். நான் குடித்தேன்.

அதனால், விசுவாசம் என்ற சொல்லை யார் யாரிடம் கேட்கிறார்கள் என்று பார்ப்பது எனக்கு அப்போதிலிருந்து பழக்கமாகிவிட்டது. வீட்டில் அரிசி இருக்கிறவன்தான் பெரும்பாலும் கேட்பான். இப்போது உங்கள் கடிதத்தையே இன்னொருமுறை படியுங்கள்.

ஸ்னீட் கதையில் ஒன்று பாக்கி. சேலஞ்ச் கப் இறுதியாட்டத்தில் சிறந்த ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் பரிசுக்கு லான்ஸ் டாட் டிராஃபி என்று பெயர். யார் இந்த டாட்? நியூசிலாந்திலிருந்து ஆட வந்து, பிறகு 1928 முதல் சால்ஃபோர்டை நடத்தியவர், 1938இல் உங்கள் ஊருக்கு அந்தக் கோப்பையை வாங்கிக்கொடுத்தவர். 1942இல் கார் விபத்தில் இறந்தார். 2025 ஜூனில் வாரிங்டன் சட்டை போட்டுக்கொண்டு வெம்ப்லியில் ஆடினார் ஸ்னீட். அவர் அணி 8-6 என்று தோற்றது. பரிசு அவருக்கே. மூன்றாவது முறை. அவருக்கு முன் அதை மூன்று முறை வாங்கியவர் ஷான் லாங் ஒருவர்தான். சால்ஃபோர்டில் ஆடத் தொடங்கியவர், சால்ஃபோர்டால் சம்பளம் தாங்கமுடியாமல் வெளியே அனுப்பப்பட்டவர், சால்ஃபோர்டுக்காரரின் பெயரில் உள்ள பரிசைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார், அதுவும் தோற்ற அணியில். நீங்கள் அன்று டிவியில் பார்த்திருந்தால் திட்டியிருப்பீர்கள். உங்கள் மகன் என்ன செய்திருப்பான் என்று கேட்டுப்பாருங்களேன்.

மகன் என்றதும் நினைவு வருகிறது, நீங்கள் என்னிடம் கேட்டது அவனைப் பற்றி. ஜெயிக்கிற அணியைக் காட்டி மாற்றுவதா என்கிறீர்கள். அந்த இறுதியாட்டத்தில் வாரிங்டனை ஜெயித்தது ஹல் கே.ஆர். 2025இல் கோப்பை, லீக் முதலிடம், சாம்பியன் யார் என்று தீர்மானிக்கும் கிராண்ட் ஃபைனல் மூன்றையும் அள்ளியது அதே அணி. 2016இல் அந்த அணியைத் தள்ளி கீழே அனுப்பியது யார் தெரியுமா? உங்கள் சால்ஃபோர்ட். கடைசி நிமிடங்கள் வரை பின்னால் இருந்து, கூடுதல் நேரத்தில் ஒரு டிராப் கோலால் (பந்தைத் தரையில் போட்டு எழும்பும்போது உதைப்பது) 19-18. அன்று ஹல்லில் பத்து வயதுப் பையன் ஒருவன் சிவப்பு வெள்ளைச் சட்டையில் அழுதிருப்பான். அவன் அப்பா கடைக்குப் போய் வேறு அணிச் சட்டை வாங்கிக்கொண்டு வந்திருந்தால், 2025இல் அந்தப் பையனுக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

சட்டையை வாங்கிக்கொடுங்கள். ஒரு அளவு பெரிதாக.